மீசையும் டெலஸ்கோப்பும்

தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு மெஷினக்காவின் கடைக்கு வருகிறவர்கள், அதற்கு என்ன கோளாறு என்று சொல்ல வாயைத் திறந்தாலே அவளுக்குப் பிடிக்காது. "நீங்க ஒண்ணும் சொல்லவேணாம். அதுவே சொல்லும். ஓட்டுங்க," என்பாள். அவர்கள் ஓட்டுவார்கள். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அடித்தட்டைக் கழற்றி, உள்ளே சிக்கிக் கிடக்கும் நூல் உருண்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். கூடவே எண்ணெய் விடாததற்கு நாலு திட்டு. திட்டு வாங்காமல் அந்தக் கடையிலிருந்து மெஷின் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை.

சமீப காலமாக அந்தத் திட்டில் ஊசி செய்கிறவர்களுக்கும் பங்கு கிடைத்தது. "இப்பல்லாம் ஊசிக் காதைச் சின்னதா பண்றானுங்க. நூலு எப்படி நுழையும்?" என்று ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். மேஜை விளக்கின் பல்பையும் மாற்றிப் பார்த்தாள். புது பல்பும் மங்கலாக இருப்பதாகச் சொல்லிக் கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

வாரம் முழுக்க இப்படி ஊசியோடும் திருகாணியோடும் மல்லுக்கட்டுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வேறு முகம். ஊருக்கு வெளியே, மண்மேடு சூழ்ந்த ரைபிள் கிளப்பின் சுடுதளத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, தூரத்து அட்டையில் இருக்கும் கருப்பு வட்டத்தைச் சுடுவதுதான் அவளுடைய ஞாயிறு. பாயிண்ட் டூ டூ ரைபிள். தோட்டா சுண்டுவிரல் நுனியளவுதான், சத்தமும் பெரிதாக இராது. பக்கத்தில் படுத்திருப்பது அவள் வீட்டுக்காரர், தெருமுனை பேக்கரியின் ரொட்டி மாஸ்டர். தெருவே அவரை மீசைக்காரர் என்றுதான் கூப்பிடும். அப்பேர்ப்பட்ட மீசை. காலையில் அடுப்படியிலிருந்து அவர் வெளியே வரும்போது அதில் மாவு அப்பியிருக்கும், அதைத் தட்டிவிட்டு முறுக்கிக்கொண்ட பிறகுதான் யாருக்கும் வணக்கம் சொல்வார்.

அவர்கள் பழக்கமே அந்தச் சுடுதளத்தில்தான். தம்பியோடு வேடிக்கை பார்க்கப் போனவள், ஒருவாட்டி நானும் சுட்டுப் பார்க்கிறேனே என்று படுத்தாள். மீசைக்காரர் சிரித்தார். அவள் அட்டை திரும்பி வந்ததும் அவர் சிரிப்பு நின்றது. அடுத்த வாரமே அவர் அம்மாவின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். அதில் ஒரு கோளாறும் இல்லை, ஊசி மட்டும் வளைந்திருந்தது. "இது தானா வளையலை. குறடு வச்சு வளைச்சிருக்கு," என்றாள் அவள். மனுஷர் காது வரை சிவந்தார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கல்யாணத்தில்தான் முடிந்தது.

அந்தக் கிளப்பில் வருஷத்துக்கு ஒருமுறை ஜோடிப் போட்டி நடக்கும். அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஜோடிக்கு ஒரே ரைபிள், ஒரே அட்டை. ஒருவர் ஒரு குண்டு சுட்டுவிட்டு ரைபிளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ள வேண்டும், அவர் அடுத்ததைச் சுட வேண்டும். எந்த ஓட்டை யாருடையது என்று கிளப் சொல்லாது, சொல்லவும் முடியாது. அதனால் அட்டை கைக்கு வந்ததும் ஒவ்வொரு ஜோடிக்கும் சண்டை. மெஷினக்கா வீட்டுச் சண்டை அதில் பிரசித்தம். "நடுவுல இருக்கறது என்னது." "போங்க, அது என்னது. ஓரத்துல பல்லை இளிச்சிக்கிட்டு இருக்கே, அதுதான் உங்களது." வீடு வரும்வரை இதே பேச்சாக இருக்கும், சாப்பாட்டு மேஜையில்கூட அட்டையை நடுவில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார்கள்.

போன வருஷம் அந்தச் சண்டை நடக்கவில்லை. பக்கத்துப் பாதையில் சுட்டுக்கொண்டிருந்தது அவள் தம்பியும் அவன் மனைவியும். போட்டி முடிந்து பார்த்தால் தம்பியின் அட்டையில் ஒரு ஓட்டை கூடுதல், இவர்கள் அட்டையில் ஒன்று குறைச்சல். ஜெயித்திருக்க வேண்டிய போட்டி கைநழுவிப் போனது. மீசைக்காரர் அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அது என்னதுதான்," என்றார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கெட்ட ஓட்டையைக்கூடத் தன்னுடையது என்று ஒத்துக்கொண்டவரில்லை அவர். மெஷினக்காவும், "சரி, விடுங்க," என்றுவிட்டாள்.

அந்தச் 'சரி'யோடு அவர் ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன. முதலில் முழங்கால் வலி என்றார். அப்புறம் அடுப்பு சரியில்லை என்றார். மழை வரும்போல இருக்கிறது என்று வெட்ட வெயிலில் சொன்னார். ஆனால் அவளிடமா மறைக்க முடியும்? செய்தித்தாளை அவர் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படிப்பதையும், கை போதாமல் நாற்காலியையே பின்னால் நகர்த்துவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ரைபிளின் முனையில் இருக்கும் முன்குறி அவருக்குத் தெரியவில்லை. அதுதான் விஷயம்.

அதற்கு மருந்து பக்கத்திலேயே இருந்தது. டெலஸ்கோப். கிளப்பில் பாதிப் பேர் அதை மாட்டிக்கொண்டுதான் சுடுகிறார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் தம்பி எப்போதோ மாட்டிவிட்டான். ஆனால் மீசைக்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். தம்பி மாட்டிய அன்று கிளப்பே கேட்க, "வெறும் கண்ணால சுடத் துப்பில்லாதவன்தான் கண்ணாடி மாட்டுவான். என் துப்பாக்கிமேல அது ஏறிச்சுன்னா இந்த மீசையை எடுத்துடறேன்!" என்று முழங்கியிருந்தார். தம்பிக்கு அது தேன் குடித்த மாதிரி. எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும், "மாமா, மீசை சௌக்கியமா?" என்றுதான் கேட்பான்.

இந்த வருஷப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும் நாள் வந்துகொண்டிருந்தது. வேறு யாரோடாவது ஜோடி சேர்ந்துகொள்ளலாம், கிளப்பில் கேட்டவர்களும் உண்டு. அவளுக்கு வேறு யாரும் வேண்டாம். பக்கத்தில் படுத்துக்கொண்டு, "மூச்சை விடு, மெதுவா," என்று முணுமுணுக்கும் அந்தக் குரல் வேண்டும். வீட்டில் அவர் நன்றாகத்தான் பேசினார், சாப்பிட்டார், தூங்கினார். ஆனாலும் அந்த ஒரு வருஷம் அவர் இல்லாத மாதிரிதான் அவளுக்கு இருந்தது.

தம்பி புது டெலஸ்கோப் வாங்கியதும் பழையதை அவள் போய்க் கேட்டு வாங்கி வந்தாள். "அக்கா, மீசையோட விலைக்கா, சும்மாவா?" என்றான் அவன். "உன் வாயைத் தைக்க என்கிட்ட மெஷின் இருக்கு, ஞாபகம் வச்சுக்க," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் மீசைக்காரர் மாடி பால்கனியில் உட்கார்ந்திருந்தார். அவள் போய், ரைபிள் பேச்சே எடுக்காமல், டெலஸ்கோப்பை மட்டும் அவர் மடியில் வைத்தாள். "எதிர்வீட்டுக் கொடிக்கு என் சேலை பறந்து போயிடுச்சான்னு பாருங்க." அவர் வேண்டா வெறுப்பாக அதைக் கண்ணில் வைத்தார். அப்புறம் எடுக்கவே இல்லை.

"சேலை இல்ல. ஆனா அந்த வீட்டு ஆளு நீலச் சட்டையில மஞ்சள் பொத்தான் தைச்சிருக்காரு," என்றார். கொஞ்சம் நகர்ந்தார். "மணிக்கூண்டுக் கடிகாரத்துல பெரிய முள்ளுமேல ஒரு புறா உக்காந்திருக்கு. அதான் எப்பவும் லேட்டா ஓடுது!" இன்னும் நகர்ந்தார். "ஏய், நம்ம பேக்கரி போர்டுல எழுத்து உரிஞ்சு போயிருக்கே, யாருமே சொல்லலை?" யாரும் சொல்லாமல் இல்லை. அவர்தான் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இருட்டும்வரை தெருவை ஒரு அங்குலம் விடாமல் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. உடனே அந்தச் சிரிப்பு மறைந்து, கை தானாக மீசைக்குப் போனது.

"மாட்டித்தான் பார்ப்போமே. மாட்டிப் பார்க்கறதுக்கும் சுடறதுக்கும் வித்தியாசம் இருக்கு இல்ல?" என்றாள் அவள்.

"அது... இருக்கு," என்றார் அவர் சந்தேகமாக.

சாப்பாட்டு மேஜையில் பழைய போர்வையை விரித்து ரைபிளைக் கிடத்தினார்கள். குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்து, உள்ளே தோட்டா இல்லை என்று அவளும் பார்த்தாள், அவரும் பார்த்தார். குழலின் பின்பக்கத்து மேற்புறத்தில் நீளமாக இரண்டு பள்ளம் வெட்டியிருந்தது. அதைப் பிடித்துக்கொள்கிற மாதிரி இரண்டு வளையங்கள், வளையங்களுக்குள் டெலஸ்கோப். பள்ளத்தில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கை அவள் துணியால் துடைத்து எடுத்தாள். திருகாணிகளை முழுசாக முடுக்காமல், நகர்த்தினால் நகரும் அளவுக்கு மட்டும் விட்டாள்.

அடுத்து, தூரம். டெலஸ்கோப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் சரியான இடைவெளி இல்லையென்றால் படம் முழுசாகத் தெரியாது, ஓரத்தில் கருப்புப் பிறை கட்டும். தரையில் மெத்தையைப் போட்டார்கள். "கண்ணை மூடிக்கிட்டு, எப்பவும் படுக்கற மாதிரி படுங்க. கன்னம் துப்பாக்கிக் கட்டையில பட்டப்புறம் கண்ணைத் திறங்க," என்றாள். அவர் படுத்தார், திறந்தார். "பின்னால தள்ளு." தள்ளினாள். "போதும், போதும்." இப்போது அவள் படுத்தாள். அவளுக்குக் கழுத்து குட்டை, பாதிப் படம்தான் தெரிந்தது. இன்னும் பின்னால் தள்ளினாள். அவர் படுத்து, "இப்ப எனக்குப் பிறை," என்றார். ரைபிள் மேஜைக்கும் மெத்தைக்குமாக வந்து போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு இடத்தில் இரண்டு பேருக்கும் முக்கால்வாசி திருப்தி வந்தது. ஒரே ரைபிளை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு அதற்கு மேல் ஆசை கூடாது.

உள்ளே தெரியும் குறுக்குக் கம்பிகள் நேராக நிற்க வேண்டும் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. "இடப்பக்கம் சாயுது," என்றார் அவர். அவள் பார்த்துவிட்டு, "வலப்பக்கம்ல சாயுது," என்றாள். குரல்கள் ஏறின. எதிர்வீட்டு நீலச் சட்டைக்காரர் பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தார். அவள் நூலில் ஒரு கனத்த திருகாணியைக் கட்டி, கதவுச் சட்டத்தில் தொங்கவிட்டாள். மேஜையில் இருபக்கமும் புத்தகம் அண்டக்கொடுத்து, மட்டக்கட்டையை வைத்து மட்டம் பார்த்து, ரைபிளை அசையாமல் நிறுத்தினாள். நிற்கும் கம்பியும் தொங்கும் நூலும் ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை டெலஸ்கோப்பை உருட்டினாள். "இப்ப நூலைப் பாத்துச் சொல்லுங்க, யாரு சாயறது?"

அவர் பார்த்தார். "அப்ப இத்தனை காலமா நான் துப்பாக்கியைச் சாய்ச்சுத்தான் பிடிச்சிருக்கேனா?"

"நானும்தான். நீங்க இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம்," என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மட்டக்கட்டை கீழே விழுந்தது. வளையத் திருகாணிகளை மாற்றி மாற்றி, ஒன்றுக்குக் கொஞ்சம் மற்றதற்குக் கொஞ்சம் என்று முடுக்கி முடித்தபோது, ரைபிள் புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் சுடுதளத்துக்குப் போனார்கள். சும்மா பார்க்கத்தான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார் அவர். இடப்பக்கத்துப் பாதையில் தம்பி ஏற்கெனவே படுத்திருந்தான். விஷயம் தெரிந்துதான் வந்திருக்கிறான், திருட்டுப்பயல். அவள் போல்ட்டைக் கழற்றி, குழல் வழியாகவே பார்த்து அட்டையை நடுவுக்குக் கொண்டுவந்து, அதற்குத் தோதாகக் கம்பிகளையும் நகர்த்திவைத்தாள். அவர் டெலஸ்கோப்பில் கண் வைக்கும் பக்கத்துப் பின்வளையத்தை, கம்பி கருகருவென்று தெரியும்வரை தன் கண்ணுக்குத் திருகிக்கொண்டார். ஒரு குண்டு. அட்டையில், வட்டத்துக்கு இடப்பக்கத்தில் ஓட்டை விழுந்தது.

"மோசமில்லை," என்று சொல்லி, பக்கவாட்டுக் குமிழை அவரே டிக் டிக் என்று திருகினார். அடுத்த குண்டு இன்னும் இடப்பக்கம் போனது. இன்னும் திருகினார். அட்டையின் ஓரம். நன்றாகத் திருகினார்.

"மாமா!" என்று கத்தினான் தம்பி. "என் அட்டைமேல அப்படி என்ன பாசம் உங்களுக்கு?"

மீசைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். கோபம் வரும் என்று அவள் பார்த்தால், மனுஷர் முகம் மலர்ந்துபோய் இருந்தது. "நான்தான் சொன்னேனே. இது சரிப்பட்டு வராது. நான் வலப்பக்கம் கொண்டாரேன், அது இடப்பக்கம் ஓடுது. பழுது. கழட்டிடு." மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டார். இனி அதற்கு ஆபத்து இல்லை. ஜோடிப் போட்டியும் இல்லை.

ஆனால் பழுது என்கிற வார்த்தையை யார் சொன்னாலும் அவள் நம்புகிறவள் இல்லை. "நீங்க ஒண்ணும் சொல்லவேணாம். இன்னொரு தடவை திருகுங்க, நான் பாக்கறேன்," என்றாள். அவர் திருகினார். திருகும்போது உதடு தானாக அசைந்தது: 'வலப்பக்கம் போகணும்னா இடப்பக்கம்.'

அவளுக்குப் பொறி தட்டியது. பழைய முன்குறியைச் சரிசெய்ய அவர் சின்னச் சுத்தியலால் தட்டுவார், அவள்தான் குழலைப் பிடித்துக்கொள்வாள். முன்குறிக்குக் கணக்கே தலைகீழ். குண்டு வலப்பக்கம் போக வேண்டுமென்றால் அதை இடப்பக்கம் தட்ட வேண்டும். வருஷக்கணக்காக அதையே மந்திரம் மாதிரி சொல்லிச் சொல்லி அவர் கையில் ஊறிப்போயிருந்தது. டெலஸ்கோப் அப்படியில்லை. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே திருக வேண்டும். குமிழில் அம்புக்குறி போட்டு எழுதியும் இருந்தது. பொடி எழுத்து, அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"கண்ணாடி பழுதில்லீங்க. அது சொன்ன பேச்சைக் கேக்குது. நீங்கதான் தலைகீழா சொல்றீங்க," என்றாள். குமிழை மறுபக்கம் அவளே திருகினாள். "இப்பச் சுடுங்க."

சுட்டார். கருப்பில் விழுந்தது. மறுபடி சுட்டார். அதன் பக்கத்திலேயே விழுந்தது. மூன்றாவதையும் சுட்டுவிட்டு, கன்னத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல் அப்படியே கிடந்தார். "தெரியுது," என்றார் மெதுவாக. "எல்லாமே தெரியுது."

அப்புறம் அவள் முறை. அவர் கண்ணுக்குத் திருகிய பின்வளையத்தைத் தன் கண்ணுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பில் விரலை அதில் வைத்துக்கொண்டேதான் படுத்தாள். கன்னத்தைப் பதித்துக் கண்ணைத் திறந்தாள். வளையத்தைத் திருகத் தேவையே இருக்கவில்லை. கம்பி கருகருவென்று நின்றது. அட்டையில் அச்சடித்த வளையங்கள், எண்கள், காகிதத்தின் மடிப்பு, அதில் ஊர்ந்த ஒரு எறும்பு எல்லாமே தெரிந்தன. அவள் சுட்டுக்கொண்டிருந்த கருப்பு வட்டத்துக்கு இத்தனை கூர்மையான விளிம்பு உண்டு என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு பொட்டைத்தான் அவள் எத்தனையோ நாளாகச் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஊசிக் காது, பல்பு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

சுடாமல் எழுந்து உட்கார்ந்தாள். "என்னங்க. போன வருஷம் தம்பி அட்டையில போச்சே, அது என்னதா இருக்கும்."

"உளறாதே."

"உளறலை. எனக்கும் கண்ணு போயிடுச்சு. உங்களுக்குன்னு திருகினது எனக்கு அப்படியே பொருந்துது. நீங்க உங்களதுன்னு சொன்னப்போ நானும் சரின்னுட்டேன் பாருங்க." ஒரு வருஷம் இந்த மனுஷரை வீட்டில் உட்கார வைத்தது அந்த ஒரு வார்த்தை.

மீசைக்காரர் அவளைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துத் தரையில் மல்லாந்துவிட்டார். "அப்ப ஊசிக் காது சின்னது இல்லையா? அந்தப் பல்புக் கடைக்காரன் பாவம்டீ!"

"மாமா, மீசை?" என்றான் தம்பி.

"போடா, எடுத்துட்டாப் போச்சு. மீசையா குறி பாக்குது?" என்றார் அவர்.

போட்டியன்று காலையில் குளியலறையிலிருந்து, "இங்க வாயேன்," என்று ஒரு குரல். அவள் போனாள். கண்ணாடி முன்னால் யாரோ ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மேலுதடு வெயில் படாமல் வெளுத்திருந்தது, அதன் ஓரத்தில் ஒரு மச்சம். இத்தனை வருஷக் கல்யாணத்தில் அவள் அந்த மச்சத்தைப் பார்த்ததே இல்லை. சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், ஆனால் வெட்கம் வந்துவிட்டது. "நல்லாத்தான் இருக்கீங்க," என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிற மாதிரி ஓடினாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை.

சுடுதளத்தில் போட்டி நடத்துகிறவர் பெயர்களைக் கூப்பிட்டுவிட்டு அவளிடம் தணிந்த குரலில் கேட்டார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் வரலையா?"

"அவருக்குக் கண்ணு சரியில்லீங்க. அதான் இவரைக் கூட்டிட்டு வந்துட்டேன்," என்றாள். பக்கத்தில் நின்ற தம்பி சிரித்த சிரிப்பில்தான் போட்டி நடத்துகிறவருக்கு விளங்கியது. கிளப் முழுக்க ஒவ்வொருவராக வந்து அந்த மேலுதட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பாயில் இரண்டு பேரும் படுத்தார்கள். அவர் சுட்டு ரைபிளைத் தள்ளினார், அவள் சுட்டுத் தள்ளினாள். கட்டை அவர் கன்னத்துச் சூட்டோடேயே அவளிடம் வந்தது. "மூச்சை விடு, மெதுவா," என்றது அந்தக் குரல். அவள் விட்டாள். கடைசிக் குண்டுக்கு முன்னால் காற்று ஒரு தள்ளு தள்ளியது, அப்போது சுட்டது அவரா அவளா என்று இருவருக்குமே நினைவில்லை.

ஜெயித்தது தம்பி ஜோடிதான். இவர்கள் இரண்டாவது. கோப்பையைத் தூக்கிக்கொண்டு அவன் போட்ட ஆட்டம் தாங்கமுடியவில்லை. ஆனால் அவன் அட்டையில் இந்த முறை கூடுதல் ஓட்டை ஏதும் இல்லை. எல்லாம் இவர்கள் அட்டையிலேயே இருந்தன. நடுவில் கொத்தாக விழுந்திருந்தன, ஒன்றே ஒன்று மட்டும் கருப்பைத் தாண்டி வெளியே அசட்டுத்தனமாக உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் ரொட்டி மாஸ்டர் அட்டையைப் பிரித்தார். மீசை இருந்த இடத்தைப் பழக்கதோஷத்தில் தடவிக்கொண்டார். பிறகு அந்த வெளி ஓட்டையில் விரலை வைத்து, "இது என்னது," என்றார்.

"அதெப்படி? அது என்னது," என்றாள் அவள்.

"காத்து அடிச்சப்போ நான்தான் சுட்டேன்."

"நான்தான் சுட்டேன். விரலை எடுங்க."

எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். தெரு முடிந்து, மாடிப்படி ஏறி, சாப்பாட்டு மேஜை வரைக்கும் அந்தச் சண்டை நீண்டது. அட்டையை நடுவில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு ஓட்டையை விட்டுக்கொடுக்க இரண்டு பேருமே சம்மதிக்கவில்லை.